மேல்வீட்டு எல்ஸ்பெத்தின் அப்பா

யாழினி, அபிஷன்,

சுவிஸ் பனியைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். பனி மலை உச்சியில் வெள்ளைத் துண்டு போர்த்த மாதிரிக் கிடக்கிறது. கீழே நாங்கள் இருக்கும் இடத்தில் இன்னும் விழவில்லை. ஆகவே இதில் பனி வராது. உங்கள் துளசி மச்சாள்தான் வருவாள். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். சொல் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், செய்தி தவறாது.

என் தங்கை, உங்கள் வசந்தி மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவளின் கணவர், உங்கள் மாமா, இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. காலையில் போனால் இருட்டினபிறகுதான் வீடு. மகள் துளசிக்குப் பள்ளிக்கூடம். “அண்ணை, ஒரு மாசம் வந்து நிண்டிட்டுப் போங்கோ, சமைக்கவும் கதைக்கவும் ஆள் வேணும்” என்று மாமி கேட்டாள். வெங்காயத்தைக் கிண்டி முடித்த கையோடு வெளிக்கிட்டேன்.

வந்த அன்றே ஒரு ரயிலை விட்டேன். பேர்ன் நிலையத்தில் மாறி ஏற வேண்டும். ரயில் வந்து நின்றது. கதவு திறக்கும் என்று பெட்டியோடு மரியாதையாகக் காத்து நின்றேன். உள்ளே இருந்த ஒரு பெண் கண்ணாடிக்குப் பின்னால் விரலால் எதையோ அமுக்கிக் காட்டினார். நான் திருப்பிக் கும்பிட்டேன். ரயில் போய்விட்டது. கதவில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நாங்கள்தான் அமுக்க வேண்டுமாம். எங்கள் ஊர் மினிபஸ்காரன் என்றால் ஓடுகிற பஸ்ஸுக்குள்ளும் ஆளை இழுத்துப் போட்டுக்கொண்டு போவான். இங்கே ஏறு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஏறாமல் விட்டால் கோபிக்கவும் மாட்டார்கள். அரை மணித்தியாலத்தில் அடுத்தது வரும்.

மாமி வீடு மரவீடு. இரண்டு மாடி. கீழே இவர்கள் வாடகைக்கு. மேலே வீட்டுக்காரி எல்ஸ்பெத் அம்மா தனியாக இருக்கிறார். எண்பது தாண்டியவர். முதுகு நேராக நடப்பார், விறகைத் தானே அடுக்குவார். நான் வந்த மறுநாள் ஒரு சீஸ் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். கடதாசியைப் பிரித்தேன், யன்னலைத் திறந்தேன். மாமி கட்டிலில் கிடந்தபடியே சிரித்தாள்.

“மூக்கைச் சுளிக்காதேங்கோ அண்ணை. நான் கருவாடு பொரிச்ச நாள் மனுசி மேலயிருந்து ஓடி வந்து காஸ் ஒழுகுதோ எண்டு கேட்டவ. பிறகு இருந்து சாப்பிட்டுத்தான் போனவ.”

அதன்பிறகு நானும் அந்தச் சீஸைப் பாணோடு தின்றேன். வாய்க்குள் போனபிறகு மணம் தெரியாது.

மூன்றாம் நாள் காலைதான் விஷயம் தொடங்கியது.

துளசியின் மேசையில் சட்டம் போட்ட ஒரு பழைய படம் இருந்தது. மெலிந்த ஒரு மனிதர், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் பெரிய முட்டைக்கோவா ஒன்றுமாக நிற்கிறார். கோவாவைப் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கியிருந்தார். காலடியில் பாத்திகள் நூல் பிடித்த மாதிரி. பின்னால் உயரமான மதில். காற்றுக்கு மறைப்பாக்கும் என்று நினைத்தேன். எங்களைப் போல ஒரு தோட்டக்காரரைக் கண்ட சந்தோசம்.

“ஆற்ற படம் பிள்ளை?”

துளசி நின்றபடியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். “எல்ஸ்பெத்தின்ர அப்பா, மாமா. இண்டைக்கு அவர் செத்த நாள். மத்தியானம் மனுசி இங்கதான் சாப்பிட வாறா. தனிய இருக்க மனமில்லையாம்.”

“என்ன செய்தவர்?”

“பின்னேரம் வந்து சொல்லுறன், பஸ் வருது!” ஓடிவிட்டாள்.

மாமியை உடற்பயிற்சிக்கு டாக்சி வந்து ஏற்றிப் போனது. வீட்டில் நான் தனி. யோசித்தேன். தகப்பனின் திவசம். அந்த அம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறார். எங்கள் முறைப்படி செய்வோமே?

பச்சையரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், பாயாசம். வாழையிலைக்கு எங்கே போவது? இருந்ததில் பெரிய தட்டை எடுத்தேன். படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, நெற்றியில் சந்தனப்பொட்டு வைத்தேன். பூ? யன்னல் பெட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் கொஞ்சம் மிஞ்சி நின்றது. ஆய்ந்து, மாமியின் தையல் நூலில் மாலை கட்டினேன். ஊதுபத்தி கொளுத்திப் படையலும் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு உட்கார்ந்தேன்.

டாக்சி வந்தது. எல்ஸ்பெத் அம்மாவே மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இருவரும் ஒன்றாகத்தான் கண்டார்கள். மாமியின் முகம் வெளுத்தது. கால் நோவாக்கும் என்று நினைத்தேன்.

எல்ஸ்பெத் அம்மா படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். மாலையை ஒரு விரலால் தொட்டார். என்னவோ சொன்னார்.

மாமி தயங்கித் தமிழில் சொன்னாள்: “இந்த ஆளுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பூ வைக்கேல்லையாம். தன்ர தாய் கூட வைக்கேல்லையாம்.”

“அதுக்கென்ன, இப்ப வைச்சாச்சு எண்டு சொல்லு” என்றேன். மாமி அதைச் சொன்னாளோ இல்லையோ தெரியாது. அந்த அம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டார். பாயாசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். போகும்போது படத்தை மாலையோடு நெஞ்சில் அணைத்து எடுத்துக்கொண்டு படியேறினார். எனக்குப் பெருமையோ பெருமை.

அந்தப் பெருமை பின்னேரம் வரைக்கும்தான். துளசி வந்ததும் எல்ஸ்பெத் அம்மா அவளை மேலே கூப்பிட்டார். இறங்கி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

“மாமா, என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்!”

“என்ன பிள்ளை? தோட்டக்கார மனுசனுக்கு...”

“அது தோட்டமில்லை, மாமா. அது மறியல், ஜெயில். மதில் தெரியேல்லையோ உங்களுக்கு?”

பிறகு குசினிக் கதிரையில் இருந்து அவள் சொன்னதை, உங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

ஜெர்மனியில் நாசிகள் என்ற கட்சி ஆண்ட காலம் ஒன்று இருந்தது. யூத மக்களை மனிதராகவே எண்ணாத ஆட்சி. இந்தப் படத்தில் நிற்பவர் ஒரு வாத்தியாரின் மகன். சட்டம் படித்தவர், கெட்டிக்காரர். இளம் வயதிலேயே அந்தக் கட்சியில் சேர்ந்தார். கறுப்பு உடுப்புப் போட்டார், படிப்படியாக இல்லை, பாய்ந்து பாய்ந்து மேலே போனார். போர் வந்து கிழக்கே ஒரு நாட்டை ஜெர்மனி பிடித்தபோது, அங்கே ஒரு நகரத்தின் பொலிசுக்கெல்லாம் இவர்தான் தலைவர். அங்கிருந்த யூதக் குடும்பங்களை வீடு வீடாக வெளியே எடுத்து, ரயில் நிலையம்வரை நடத்தி, மாடு ஏற்றும் பெட்டிகளில் ஏற்றினார்கள். கிழவரும் போனார்கள், கைக்குழந்தைகளும் போனார்கள். போனவர்களைக் கொல்லுவதற்கென்றே முகாம்கள் கட்டியிருந்தார்கள். ஏற்று என்ற கட்டளையின் அடியில் இவருடைய கையெழுத்து. ஒரு பையோடு வீட்டைவிட்டு இறங்கு என்றால் எப்படி இருக்கும் என்று போரில் இடம்பெயர்ந்த எங்கள் ஊரவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நாங்கள் இறங்கி நடந்தது உயிர் தப்ப. அவர்கள் இறங்கி நடந்தது எங்கே என்று அவர்களுக்கே தெரியாது.

ஜெர்மனி தோற்றதும் இவர் உடுப்பை எரித்துவிட்டு, வேறு பெயரில் ஒரு பண்ணையில் கூலியாளாக ஒளிந்திருந்தார். பிடித்தார்கள். வழக்கு நடந்தது. “மேலிடம் சொன்னதைச் செய்தேன், ரயில் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது” என்றார். நீண்ட காலச் சிறை. சிறைக்குள் தோட்டவேலை கொடுத்தார்கள். நன்றாகச் செய்தாராம். அப்போது சிறைப் பாதிரியார் எடுத்த படம்தான் அது. கொஞ்சக் காலத்தில் உலக அரசியல் மாறியது. வென்ற நாடுகளுக்கு ஜெர்மனியின் தயவு தேவைப்பட்டது. இவரைப் போன்றவர்களின் தண்டனையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முழுக்காலமும் இருக்காமல் வெளியே வந்தார். ஓய்வூதியமும் கிடைத்தது. வயது போய், ஜெர்மனியிலேயே கட்டிலில் படுத்து இறந்தார்.

மனைவி இந்த ஊர் சுவிஸ்காரி. போர் முடிந்ததும் சிறுமி எல்ஸ்பெத்தைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கே வந்துவிட்டார். “அவளின் அப்பா போரில் காணாமற்போனார்” என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. ஊரும் தலையாட்டிவிட்டது.

இங்கே பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கிற பிள்ளை ஒவ்வொன்றும் தானாக ஒரு விஷயத்தை ஆராய்ந்து எழுதி, எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டும். துளசி எடுத்தது இந்தக் கதை. எல்ஸ்பெத் அம்மாதான் ஒரு வருடமாக அவளுக்கு எல்லாம் சொன்னவர். பேரும் ஊரும் மட்டும் சொல்லக்கூடாது என்பது உடன்பாடு. நாளை மறுநாள் மேடை.

“இப்ப மனுசி மாறி நிக்கிறா” என்றாள் துளசி. “பூவோட பார்க்கேக்கதான் அது தன்ர அப்பா எண்டு தெரிஞ்சதாம். தோட்டத்தைப் பற்றிச் சொல்லு, மறியலில பட்ட கஷ்டத்தைச் சொல்லு, ரயிலை விட்டிடு எண்டுறா. விடாட்டி, தான் சொன்ன ஒண்டையும் சொல்லக்கூடாதாம். படமும் இல்லையாம்.”

மாமி பெருமூச்சு விட்டாள். “வயசான மனுசி. பாவம். சொன்ன மாதிரிச் செய்து விடன் பிள்ளை. செத்த ஆளைப் பற்றி ஆரும் குறை கதைக்கிறதோ?”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எங்கள் ஊரில் செத்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் கெட்டவன் என்று ஒருவனையாவது கண்டிருக்கிறோமா? எல்லோரும் கொடைவள்ளல், எல்லோரும் பண்பாளர். “ஓமடி பிள்ளை, அம்மா சொல்லுறது...” என்று நானும் தொடங்கினேன்.

துளசி என்னைப் பார்த்தாள். “அந்த ரயிலில ஏறின பிள்ளையளுக்கு ஆர் மாமா பூ வைச்சது?”

நான் எழும்பிப் போய்ப் படையல் வைத்த தட்டைக் கழுவினேன்.

மறுநாள் விடியவே ஒரு முடிவோடு எழும்பினேன். குழப்பினவன் நான். துளசியைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். எல்ஸ்பெத் அம்மா காலைச் சாப்பாட்டில் இருந்தார். படம் எதிர்க்கதிரையில், சாப்பிட வந்த ஆள் மாதிரி. மாலை வாடிவிட்டது.

“நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் அவவுக்குச் சொல்லு” என்றேன். “குறைக்காதை, கூட்டாதை.”

“சரி மாமா.”

“அம்மா, நான் இவரைத் தோட்டக்காரர் எண்டு நினைச்சுத்தான் மாலை போட்டனான். உங்கட மனம் ஆறவேணும் எண்டு போட்டனான். ஆளை அறிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டன். உங்களுக்குச் சாப்பாடு தந்திருப்பன், எப்பவும் தருவன். இவருக்குப் படைச்சிருக்க மாட்டன்.”

துளசி சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வயதான பெண்ணின் தகப்பனைப் பற்றி அவர் வீட்டிலேயே நின்று இப்படிச் சொல்வது லேசான வேலை இல்லை, பிள்ளைகளே. துளசியின் குரல் நடுங்கவில்லை. முடிவில் அவள் தானாகவும் ஏதோ சொன்னாள்.

“என்ன சொன்னனி?”

“படம் வேண்டாம், நீங்கள் சொன்னதும் வேண்டாம். கோர்ட்டுப் பதிவில இருக்கிறது எல்லாருக்கும் பொது. அதை வைச்சுக் கதைப்பன். ரயிலை மட்டும் விடமாட்டன் எண்டனான்.”

எல்ஸ்பெத் அம்மா “மெர்சி” என்றார். இந்தப் பக்கத்தில் நன்றிக்கு அதுதான் சொல். நன்றியாகக் கேட்கவில்லை. எழும்பி வந்து கதவைச் சாத்தினார்.

அன்று முழுக்கத் துளசி தன் பேச்சைக் கிழித்துக் கிழித்துத் திருப்பி எழுதினாள். நான் அவளுக்குப் பிடித்த குழல்புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்து வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம். எங்கள் ஊர் விழா மாதிரி இல்லை. மங்கள விளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, தலைமையுரை இல்லை. சொன்ன நேரத்துக்கு ஒரு ஆசிரியர் வந்து, கையைக் கொடுத்து, தொடங்கு என்றார். தொடங்கிவிட்டார்கள். மாமி ஊன்றுகோலோடு, மாமா அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, நான் கோட்டுப் போட்டுக்கொண்டு. மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பெற்றோர், ஊர்ப் பெரியவர்கள் சிலர். ஆசிரியர் எங்கள் பக்கத்தில் எல்ஸ்பெத் அம்மாவுக்கு ஒரு கதிரை விட்டிருந்தார். அது வெறுமையாகவே கிடந்தது.

துளசி பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எது எந்த இடம் என்று சபையின் முகத்தைப் பார்த்தே அறிந்தேன். வாத்தியாரின் மகன், சட்டம், கறுப்பு உடுப்பு. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையால் வாயைப் பொத்தினார். ரயில் வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த இடத்தில்தான் பின்கதவு மெல்லத் திறந்தது. எல்ஸ்பெத் அம்மா கோட்டைக் கழற்றாமலே வந்து என் பக்கத்தில் இருந்தார். துளசி கண்டாள். ஒரு கணம் நின்றாள். அவள் தாளைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள். ஒன்றையும் விடவில்லை.

முடிந்ததும் கைதட்டல். பிறகு கேள்விகள். ஒரு பெரியவர் எழுந்து அமைதியாகத்தான் கேட்டார். மாமா என் காதுக்குள் சொன்னார்: “நல்லாச் செய்தாய் பிள்ளை, ஆனா இது ஜெர்மன்காரற்ற கதை, எங்கட ஊருக்கு இதில என்ன? அதுவும் உன்ர ஆக்களுக்கு இதில என்ன? எண்டு கேக்கிறார், மச்சான்.”

துளசி வாய் திறக்குமுன் என் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. எல்ஸ்பெத் அம்மா எழுந்து நின்றார். உரத்துப் பேசவில்லை. மாமா எனக்குச் சொல்ல மறந்துபோனார். நான்தான் முழங்கையால் இடித்தேன்.

“அந்த அதிகாரியின்ர மகள் நான்தானாம்” என்றார் மாமா. “எட்டு வயசில இருந்து உங்களோட இந்த ஊரிலதான் இருக்கிறன். உங்களோட படிச்சன், சேர்ச்சில பாடினன். என்ர அப்பா ஆர் எண்டு நீங்கள் ஒருத்தரும் ஒரு நாளும் கேக்கேல்லை. இந்தப் பிள்ளை ஆறு வயசில என்ர படியில இருந்து பிஸ்கட் தின்னேக்க, நீங்கள் ஆற்ற மகள் எண்டு கேட்டவள். அதாலதான் இவளுக்குச் சொன்னனான். இவையின்ர ஆக்களுக்கு இதில என்ன எண்டால், இவை கேட்டவை.”

பிறகு அந்த அம்மா தகப்பனின் முழுப்பெயரையும், அவர் வகித்த பதவியையும் சொன்னார். துளசி அதுவரை சொல்லாமல் காத்த பெயர். அதை நான் இங்கே எழுதமாட்டேன். சொல்ல வேண்டியவர், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார்.

கேள்வி கேட்ட பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். அவர் எல்ஸ்பெத் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவராம்.

நீ ஆற்ற பிள்ளை? எங்கள் ஊரில் ஒழுங்கையில் போகிற எந்தப் பிள்ளையையும் மறித்து நாங்கள் கேட்கிற முதல் கேள்வி. வெளியூர்க்காரர் அதற்காக எங்களைப் பகிடி பண்ணுவார்கள். வம்பு விசாரிக்கிற சனம் என்பார்கள். சாதி அறியக் கேட்கிறவர்களும் எங்களுக்குள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் துளசி கேட்டது அதற்கில்லை. மனிசரை அறியக் கேட்டாள், கேட்ட பதிலுக்குப் பயந்து ஓடவில்லை. அந்தச் சபையில் என் மருமகளைப் பார்த்து நான் கொண்ட பெருமையை எழுத எனக்குச் சொல் போதாது. அந்த அம்மாவை நினைத்தும் பெருமைதான். தகப்பனை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நான் மகள் என்றார். தகப்பன் செய்ததையும் மூடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சரியான சனம். மலைக்குப் போய் வருகிற உல்லாசப் பயணிகள். மாமிக்கும் எல்ஸ்பெத் அம்மாவுக்கும் மட்டும் இருக்கை கிடைத்தது. துளசி புத்தகப் பையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்ஸ்பெத் அம்மா கையை நீட்டி அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணம் பஸ்ஸில், நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் பையை இருக்கிறவர்கள் வாங்கி வைப்பார்களே, அப்படி. இந்த நாட்டில் நான் வேறு ஒருவரிடமும் அதைக் காணவில்லை. இறங்கும் இடம் வரும்வரை அவர் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார்.